வெற்றுச் சுவரை வெறிக்கும் பூனை: ஒரு மறுப்புரை

பூனை ஒன்றுமில்லாத சுவரை ஏன் வெறித்துப் பார்க்கிறது என்பது பழைய வினா. ஆவி தெரிகிறது என்றார்கள் பாட்டிமார். 2014க்குப் பின் படித்த பேரப்பிள்ளைகள் ஆவியை இறக்கிவிட்டு அந்த இடத்தில் புற ஊதாக் கதிரை ஏற்றி வைத்தார்கள். ஆவிக் கொள்கையை மறுக்கச் சான்று இல்லாமையால் அதை விடுத்து, கதிர்க் கொள்கையை மட்டும் ஈண்டு ஆராய்வாம்.

இக்கொள்கையின் மூலம் 2014இல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வில் உள்ளது. ரொனால்ட் டக்ளஸ், கிளென் ஜெஃப்ரி என்னும் இருவர் பல பாலூட்டிகளின் விழிவில்லை வழியே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு கடக்கிறது என்று அளந்தார்கள். 315 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 59 விழுக்காடு பூனையின் வில்லையைத் தாண்டி உள்ளே போயிற்று. மனித வில்லை அதைக் கிட்டத்தட்ட முழுக்கத் தடுத்துவிட்டது. (நாய்க்கு 61. பூனை வளர்ப்போர் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.)

மனிதனின் விழித்திரைக்கு இக்கதிரை உணரும் ஆற்றலே இல்லையோ எனின், உண்டு. வில்லைதான் வாயிற்காவலன்போல் மறிக்கிறது. என்னை? பழைய முறையில் கண்புரை எடுத்து, மாற்று வில்லை வைக்காமல் விடப்பட்டவர்கள் இக்கதிரை வெளிறிய நீலமாகக் கண்டிருக்கிறார்கள். இப்போது பொருத்தும் செயற்கை வில்லைகளிலோ பெரும்பாலும் வடிகட்டியையும் சேர்த்தே வைத்துவிடுகிறார்கள். குறுகிய அலைகள் கண்ணுக்குள் சிதறி உருவைக் கலங்கடிப்பவை; அவற்றைத் தடுத்ததால் நமக்குக் கூர்மை கிடைத்தது. இருளில் வேட்டையாடும் பூனை கூர்மையை விட்டுக்கொடுத்து, கிடைத்த ஒளியையெல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டது.

அற்றேல் பூனை நாம் காணாத புதுநிறம் காணுமோ எனின், காணாது என்க. புற ஊதாவுக்கென்று அதற்குத் தனிக் கூம்புச் செல் இல்லை. நீலத்துக்கு உள்ள செல்லே அதையும் ஓரளவு ஏற்கும். ஆகவே கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம் வெளிச்சம்.

சலவை வேட்டி பூனைக்குத் தகதகவென்று ஒளிரும் என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. சலவைத்தூளில் உள்ள வெளுப்பூட்டிகள் புற ஊதாவை விழுங்கி நீல ஒளியாக உமிழ்பவை. அந்த நீலம் நமக்கே தெரிகிறது. அதனால்தான் அந்தத் தூளுக்குக் காசு கொடுக்கிறோம். சுவரில் பூனை பீய்ச்சிய மூத்திரம் புற ஊதா விளக்கில் மினுங்குவதும் இவ்வாறே: விளக்கைப் பிடித்தால் மனிதனும் காண்பான். பூனைக்கோ அதைக் கண்டுபிடிக்கக் கண்ணே வேண்டாம், மூக்குப் போதும்.

இனித் தலையாய தடை. புற ஊதாக் கதிர் வெயிலில் உண்டு. வீட்டு எல்இடி விளக்கில் அநேகமாக இல்லை. பூனை சுவரை வெறிப்பதோ நள்ளிரவில், அந்த எல்இடி வெளிச்சத்தில். இல்லாத கதிரை எந்த வில்லையும் உள்ளே விடாது. எனவே 59 விழுக்காடு முழு உண்மையாயினும் இவ்வழக்கில் செல்லாது.

பின் எதனால் எனின், செவியால். மனிதச் செவி 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனையின் செவி 85 வரை ஏறும். காலண்டருக்குப் பின்னால் பல்லி ஒன்று அசைந்தால் நமக்கு அது வெற்றுச் சுவர்; பூனைக்கு இராச்சாப்பாடு. ஐயமுற்றோர் காலண்டரை மெல்லத் தூக்கிப் பார்க்க. தூக்கும்போது பூனைக்கும் சுவருக்கும் நடுவில் நில்லற்க.