காரைக்குடிப் பின்கட்டுக் கெண்டைத் தொட்டியில் அழுக்கின் இடம்: ஓர் ஆராய்ச்சி

செட்டிநாட்டைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை, கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெண்கரு சேர்த்த சுவர்ப் பூச்சு என்று எழுதித் தீர்த்துவிட்டார்கள். 2014-ல் இவ்வூர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் சேர்த்தாயிற்று. ஆனால் முகப்பில் நுழைந்து, வளவைத் தாண்டி, இரண்டாங்கட்டும் அடுப்படியும் கடந்து கொல்லைக்குப் போனால், மூலையில் கெண்டைத் தொட்டிக்கு வடிகட்டியாக நிற்கும் 200 லிட்டர் நீல டிரம்மை எந்த அறிஞரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

இதன் மேற்கோள் ஒன்றே: செட்டிநாட்டு வீட்டிலும் கழுவக் கூடாத பொருள் ஒன்று உண்டு, அது அந்த டிரம்மின் உள்வயிறு. ஏதுவும் எடுத்துக்காட்டும் பின்னால் வரும்.

ஆய்வுக்களம் காரைக்குடியில் ஒரே ஒரு வீடு. கட்டுரையாளரின் உடன்பிறந்த ஆச்சியைக் கட்டிக்கொடுத்த வீடு அது. ஒரு வீட்டை வைத்து முடிவு சொல்லலாமா என்று புள்ளியியலார் கேட்கக்கூடும். எங்கள் ஆச்சியைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

முதலில் மீன் வரலாறு. ஜப்பானில் நீகாட்டா மலைப்பக்கத்து நெல் விவசாயிகள் சாப்பாட்டுக்கு வளர்த்த கெண்டைகளில் 19ஆம் நூற்றாண்டில் சிவப்பும் வெள்ளையுமாகச் சில தோன்றின. அவற்றைப் பிரித்து வளர்த்தார்கள். 1914-ல் தோக்கியோவில் நடந்த பொருட்காட்சிக்குப் பிறகுதான் வெளியூர்க்காரர்களுக்கு அந்த வண்ணக் கெண்டை தெரியவந்தது. அதே ஜப்பானிலிருந்து பூப்போட்ட சுவர் ஓடுகள் அந்தக் காலத்திலேயே கப்பலேறிச் செட்டிநாட்டு வீடுகளுக்கு வந்து ஒட்டிக்கொண்டன. ஓடு வந்த வழியில் மீன் ஏன் வரவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது. பின்னாளில் சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பு குடிசைத் தொழிலாகப் பெருகி, ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில் மீன் தூங்கிக்கொண்டே காரைக்குடி வரும் காலம் பிறந்ததும், ஆச்சியின் கணவரான அயித்தான் பன்னிரண்டு வண்ணக் கெண்டை வாங்கிவிட்டார்.

இது குழம்புக்கு ஆகுமா என்பது தொட்டியைப் பார்க்க வரும் உறவினர் அனைவரும் எழுப்பும் கடா. விடை: ஆகும். இதே இனத்துச் சாதாக் கெண்டையைத்தான் 1939-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்டார்கள். ஆனால் வாங்கிய விலையைச் சொன்ன பிறகு யாரும் மிளகாய் அரைக்கச் சொல்வதில்லை.

இனி வேதியியல். மீன் தின்ற புரதத்தின் கழிவு பெரும்பாலும் செவுள் வழியே அமோனியாவாகத் தண்ணீரில் இறங்குகிறது. 35 விழுக்காடு புரதமுள்ள தீவனம் 100 கிராம் போட்டால் ஏறக்குறைய 3 கிராம் அமோனியா நைட்ரஜன் வரும். ஊருணியில் இது பெரிதில்லை. ஏக்கர் கணக்கில் தண்ணீர், எண்ணி நாலு மீன், கரையெல்லாம் மண்ணும் பாசியும். போதாததற்குக் குடிநீர் ஊருணியில் காலை நனைக்கவும் விடமாட்டார்கள். அயித்தானின் தொட்டி 3,000 லிட்டர். அதில் பன்னிரண்டு மீன், மூன்று வேளைச் சாப்பாடு. ஊருணி செய்கிற வேலையை யாராவது செய்தாக வேண்டும்.

அந்த யாராவது, கண்ணுக்குத் தெரியாத இரண்டு கூட்டம். ஒன்று அமோனியாவை நைட்ரைட்டாக்கும். மற்றொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது வாழைக்கு உரம். 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் சூரிச்சில் இருந்துகொண்டு இவற்றைப் பிரித்தெடுத்தார். இரண்டு வேலைக்கும் இரண்டு ஆள் வேண்டும் என்பதே அதன்பின் நூறாண்டுக்கு மேல் பாடம். 2015-ல் ஒரே நுண்ணுயிர் இரண்டையும் செய்வதைக் கண்டுபிடித்தார்கள். அகப்பட்ட இடம் இரண்டு: ரஷ்யாவில் ஓர் எண்ணெய்க் கிணற்றின் சுடுநீர்க் குழாய், நெதர்லாந்தில் மீன் வளர்க்கும் தொட்டியோடு இணைத்திருந்த வடிகட்டி. ஆகவே கொல்லை மூலை டிரம்மை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம்.

டிரம் கட்டும் முறையில் மர்மம் எதுவும் இல்லை. பழைய டிரம் வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டு, கேட்டதை நம்பாமல் மோந்தும் பார்க்க வேண்டும். தொட்டியை விட உயரமான திண்டில் அதை ஏற்றுவது முதல் வேலை. தொட்டித் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வர, மணிக்கு 1,500 லிட்டர் தள்ளும் சிறிய மோட்டார் போதும். அது தொட்டிக்குள் கிடக்கும். பிவிசி பைப் டிரம்மின் அடிவரை போய்த் தண்ணீரை விடும். கசடு அடியில் தங்க, தண்ணீர் மட்டும் மேலேறி, இடையில் நிரப்பியதற்குள் புகுந்து, விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்த பெரிய குழாய் வழியாகத் தொட்டியிலேயே விழும். விழுகிற சத்தம் அழகுக்கு மட்டுமன்று, காற்று கலக்கவும்தான். அடியில் ஒரு பால் வால்வு. வாரம் ஒருமுறை திறந்தால் கசடு வாழைக்குப் போய்விடும்.

இடையில் நிரப்புவது எதை என்பதில்தான் அறிஞர் பிரிகிறார்கள். ஜல்லிக் கொள்கையார், ஓட்டாஞ்சில்லுக் கொள்கையார், ஸ்க்ரப்பர் கொள்கையார் என மூவர். நுண்ணுயிருக்கு வேண்டியது உட்கார இடம். கல்யாணப் பந்தியில் மண்டபத்தின் உயரத்தை யாரும் அளப்பதில்லை, எத்தனை இலை விழும் என்றுதான் பார்ப்பார்கள். முக்கால் இஞ்ச் ஜல்லி ஒரு கன மீட்டருக்கு 180 சதுர மீட்டர் போலப் பரப்புத் தரும் என்று கணக்குப் போடலாம். டிரம்மில் பாதி நிரப்பினால் 18 சதுர மீட்டர், ஒரு பெரிய அறையின் தரை. குறை என்னவென்றால் ஜல்லி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். டிரம்மை அசைக்கவும் முடியாது. ஓட்டாஞ்சில்லுக்கு ஆதரவாக உள்ளூர்ப் பற்று பேசுகிறது: ஓடு சரிந்த பூட்டிய வீடு எந்தத் தெருவில் இல்லை? ஆனாலும் கட்டுரையாளர் மூன்றாம் கட்சி. பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் ஸ்க்ரப்பர் மலிவு, லேசு, இழைக்கு இழை இடம். தண்ணீரும் தடையில்லாமல் போகும்.

ஸ்க்ரப்பருக்கு நடுவே ஒரு வலைப் பையில் கிளிஞ்சலும் போட வேண்டும். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற நுண்ணுயிர் 4.57 கிராம் ஆக்சிஜனையும் 7.14 கிராம் காரத்தன்மையையும் செலவழிக்கும். காரம் தீர்ந்தால் பிஎச் சரியும், வேலையும் படுத்துவிடும். மேல்மாடிச் சுவரைப் பளபளக்க வைத்த அதே கிளிஞ்சல் கொல்லையில் இந்தக் கணக்கை நேர் செய்கிறது.

காரம் மிஞ்சினாலும் ஆபத்து. புதிய சிமென்ட் தொட்டி சுண்ணாம்பைக் கக்கும். 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது; 8 ஆனால் ஏழரைப் பங்கு; 9 ஆனால் பாதியை நெருங்கும். அதனால்தான் மீன் விடுமுன் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, நாறிய தண்ணீரைக் கொட்டி, மறுபடி நிரப்பி மறுபடி கொட்டச் சொல்கிறார்கள். 1948-ல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் இது. அயித்தான் பிஎச் பார்ப்பதோ, மீன் கடையில் வாங்கிய சொட்டுக் குப்பியையும் நிற அட்டையையும் வெயிலில் தூக்கிப் பிடித்துத்தான். பச்சையா நீலமா என்பதில் அவருக்கும் ஆச்சிக்கும் ஒருமித்த கருத்து இன்றுவரை ஏற்படவில்லை.

டிரம் பழுக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் ஸ்க்ரப்பர் இழையெல்லாம் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம் ஏறும். அந்தப் படலம்தான் வடிகட்டி. டிரம், பைப், மோட்டார் எல்லாம் அதற்குப் பரிவாரம்.

இங்கே ஆச்சி பிரவேசிக்கிறார். திருக்கார்த்திகை கழிந்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. வீடு கழுவிவிடப்படும் நேரம். அயித்தான் மதுரை போயிருந்த ஒரு பகலில் ஸ்க்ரப்பர் அத்தனையும் வெளியே வந்து, பிளீச்சிங் பவுடரில் ஊறி, அலசப்பட்டு, மொட்டை மாடியில் காய்ந்தன. கட்டுரையாளர் நேரில் விசாரித்தபோது கிடைத்த வாக்குமூலம்:

“ஏன்டா தம்பி, நீயே கைய விட்டுப் பாத்திருந்தா தெரியும். கொழகொழன்னு வருது. நோம்புக்கு நாலு பேரு வர்ற வீட்டுல இத வச்சுக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா?”

ஊர் திரும்பிய அயித்தான் தலையில் கைவைத்தார். “அது அழுக்கில்ல, பாக்டீரியா.”

“அது தெரிஞ்சுதானே பிளீச்சிங் பவுடர் போட்டேன்.”

இதற்கு அறிவியலில் முன்னோடி உண்டு. 1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடைத் தண்ணீரை மெல்ல இறக்கினார்கள். இருபது நாள் அமோனியா போனபடியே வெளியே வந்தது. பிறகு நைட்ரேட் தலைகாட்டியது. வெறும் வேதிவினையென்றால் இருபது நாள் எதற்குக் காத்திருக்கிறது என்று யோசித்துக் குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். வேலை நின்றது. மண் கரைத்த தண்ணீரை ஊற்றியதும் மீண்டும் தொடங்கியது. உயிருள்ள ஏதோ ஒன்று இதைச் செய்கிறது என்பது அன்றுதான் நிலைபெற்றது. குளோரோஃபார்முக்குப் பதில் குளோரின் என்பது தவிர, ஆச்சியின் சோதனைக்கும் அதற்கும் வேறுபாடு காணக் கட்டுரையாளரால் இயலவில்லை. முடிவும் ஒத்தே வந்தது. நோன்பு முடிந்த கையோடு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

மீட்பு நடவடிக்கையும் பிரெஞ்சு வழியே. தீவனத்தை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினார்கள். லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கல்லுப்புக் கரைத்தார்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் ஏறாமல் மறிக்கும். மண் கரைசலுக்குப் பதிலாக, தெரிந்த மீன் கடையில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்சைப் பிழிந்த கறுப்புத் தண்ணீர் ஒரு குடம் வந்தது. கழுவின டிரம்மில் விலை கொடுத்து வாங்கின அழுக்கை ஊற்றுவதை ஆச்சி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மின்சாரம் நிற்கும் நாளில் ஆச்சியின் குறுக்கீடே இல்லாமல் இதே விபத்து நடக்கலாம். ஓட்டம் நின்றால் டிரம்முக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தேங்கின தண்ணீர் அழுகும். மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போடாமல், அடி வால்வைத் திறந்து அதை வெளியேற்றிய பிறகே போட வேண்டும்.

அந்த வால்வுதான் வீட்டில் சமாதானத்தையும் கொண்டுவந்தது. டிரம் தண்ணீர் பாய்ந்த வாழை மற்றவற்றைவிட ஒரு முழம் உயர்ந்து, பெரிய தாரும் தள்ளியதை ஆச்சி கவனித்தார். இப்போது உடன்பாடு இப்படி: உள்பக்கம் அயித்தானுடையது, வெளிப்பக்கம் ஆச்சியுடையது. வெளிப்பக்கத்தை வெள்ளிக்கிழமைதோறும் துடைக்கிறார். வாழைக்கென்று வால்வை வேண்டியதற்கு மேல் திறந்துவிடுவதும் அவர்தான். அதை அயித்தான் கண்டுகொள்வதில்லை. கார்த்திகை பிறந்தால் மட்டும் டிரம்மின் மூடிக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறார்.