ஓட்டோபான் மாமா

பிராங்பேர்ட்டில் குடியிருக்கும் தமிழரை, உலகம் முழுக்கப் பரவிக்கிடக்கும் உறவுக்காரர் ஒரேயொரு காரணத்துக்காகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்: விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது. ரொறொன்ரோவிலிருந்து கொழும்புக்குப் போகும் சகலன் இடையில் ஏழு மணித்தியாலம் நிற்க வேண்டி வந்தால் மாமாவுக்குப் போன் வரும். மாமா போவார், ஏற்றுவார், ரோமர் சதுக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பார், வீட்டில் சோறு போடுவார், கொண்டுபோய் இறக்குவார். 'உந்தப் பழைய கட்டடம் என்ன?' என்று சகலன் கேட்டால், 'உது இவங்கட கச்சேரி' என்பதோடு வரலாறு முடிந்துவிடும். முழுப் பிழை என்று சொல்ல முடியாது. 1405 முதல் அதுதான் நகரசபைக் கட்டடம்.

இதே மாமாவுக்கு ஈஸ்டர் விடுமுறை வந்துவிட்டால் ஆளே வேறு. ஏழு பேர் இருக்கக்கூடிய ஒப்பல் சஃபீராவின் ரயர்களுக்குக் காற்றடிப்பார். நவியைப் போட்டுவிட்டு, அது சொல்வதற்கெல்லாம் எதிர்ப்பேச்சுப் பேசுவார். தேசத்தின் நினைவுச்சின்னங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டாவிட்டால் தகப்பன் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியில்லை என்பது அவருடைய கொள்கை. தேசம் என்பது வீட்டிலிருந்து குறைந்தது இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால்தான் தொடங்கும் என்பது துணைக்கொள்கை.

அதனால்தான் கோத்தே விஷயத்தில் இப்படி ஆயிற்று. கோத்தே பிறந்தது 1749இல், பிராங்பேர்ட்டில். அந்த வீடு மாமா வேலை செய்யும் உணவகத்திலிருந்து நடந்து போகிற தூரம். அதற்குள் மாமா இதுவரை காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் கோத்தே குடியிருந்து 1832இல் கண்ணை மூடிய வைமார் வீட்டுக்குக் குடும்பத்தோடு போய், வாசலில் வரிசையாக நின்று படம் எடுத்திருக்கிறார். கேட்டால், 'இது பக்கத்திலதானே, எப்பவும் போகலாம்' என்பார். பக்கத்து வீட்டுக்காரன் கடன் கேட்டாலும் இதே பதில்தான், 'பக்கத்திலதானே, பிறகு பாப்பம்.'

நகரத்து மியூசியங்கள் பலவும் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைகளில் இலவசம். இலவசம் என்ற சொல்லில் மாமாவுக்கு உள்ள பிடிப்பு எல்லோரும் அறிந்தது. ஆனால் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி. மியூசியங்கள் சும்மா பார்க்கக் கிடக்கும் நேரத்தில் பிள்ளைகள் ஒரு பாடசாலை மண்டபத்தில் இருந்து உயிர்மெய் எழுதிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை யாருக்காவது பிறந்தநாள், சாமத்தியவீடு, அல்லது அந்தியேட்டி. மிஞ்சுவது நீண்ட விடுமுறைகள். நீண்ட விடுமுறை கிடைத்தால் யாராவது ட்ராமில் மியூசியத்துக்குப் போவார்களா?

பயணத்துக்கு முதல்நாள் இரவு மாமி படுப்பதில்லை. 'நாலு மணிக்கு வெளிக்கிடுறம்' என்று மாமா அறிவித்திருப்பார். மூன்று மணிக்கு இடியப்பத் தட்டுகள் சத்தம் போடத் தொடங்கும். கத்தரிக்காய்ப் பொரியல், கட்டிச் சம்பல், அவித்த முட்டை, மரவள்ளிச் சிப்ஸ், கட்லட், இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி. பிள்ளைகளுக்கு வேண்டுமென்று நூடில்ஸ், அதை மாமா தின்பார். வாகனம் ஏழேமுக்காலுக்கு நகரும். தாமதத்துக்குக் காரணம் யார் என்ற விசாரணை கீஸன் வரைக்கும் நடக்கும். முன் கண்ணாடியடியில் பிள்ளையார் ஒருவர் ஒட்டப்பட்டிருக்கிறார். கதவுப் பையில் ரப்பர் பாண்ட் போட்ட ஒரு கட்டுக் கடதாசி. ஓட்டோபான் கழிப்பறையில் ஒரு யூரோ போட்டால் அதே பெறுமதிக்கு ஒரு சீட்டு வரும், அங்குள்ள கடையில் மாற்றலாம். அந்தக் கடையில் விலை கூடுதல் என்பதால் மாமா மாற்றுவதில்லை. எறியவும் மனமில்லை. எத்தனை வருடத்துச் சீட்டு என்று தெரியாது, கட்டு மட்டும் பருத்துக்கொண்டே போகிறது.

ஓட்டோபான் ஓரத்தில் மண்ணிறப் பலகைகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கத்தில் இன்ன கோட்டை, இன்ன தேவாலயம் என்று வெள்ளைக் கோட்டில் படம் கீறி வைத்திருப்பார்கள். மாமாவின் கணக்கில் பலகையைப் பார்த்தால் இடத்தைப் பார்த்த மாதிரி. ஐஸனாக் கிட்ட வரும்போது 'எல்லாரும் இஞ்ச பாருங்கோ, வார்ட்பூர்க்!' என்று கத்துவார். மார்ட்டின் லூதர் ஒளிந்திருந்து 1521, 1522 காலத்தில் புதிய ஏற்பாட்டை ஜேர்மன் மொழிக்குக் கொண்டுவந்த கோட்டை அது. பின் சீற்றில் மகன் தலையைத் தூக்குவதற்குள் பலகை போய்விடும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் 'விடுமுறையில் எங்கே போனீர்கள்?' என்று எழுதச் சொன்னால் அவன் வார்ட்பூர்க் என்றுதான் எழுதவேண்டும். எழுதியும் இருக்கிறான்.

பயணம் குறுகியதென்றால் ருடெஸ்ஹைம். ரைன் நதிக்கு மேலே திராட்சைத் தோட்டங்களின் உச்சியில் ஜேர்மானியா சிலை, பீடத்தோடு 38 மீற்றர். ஒரு கையில் முடி, மறுகையில் வாள். லண்டனிலிருந்து வந்த மச்சாளுக்கு மாமி விளக்கம் சொன்னதைக் காதால் கேட்டவன் நான்: 'இது இவையின்ர அம்மன்.' மாமாவுக்கு இந்த இடத்தில் ஒரு கதை தெரியும், அவருக்குத் தெரிந்த ஒரே முழுக் கதை. 1883இல் சக்கரவர்த்தி முதலாம் வில்ஹெல்ம் திறந்துவைக்க வந்தபோது அரசை ஒழிக்க நினைத்த சிலர் வழியில் வெடிமருந்து புதைத்தார்கள். வெடிக்கவில்லை. நனையாத திரி வாங்காமல், சில காசு மிச்சம் பிடிக்க மலிவான திரியை வாங்கியிருந்தார்கள். இரவு மழை பெய்து திரி நமுத்துப்போயிற்று. மாமா இதைச் சொல்லிவிட்டுப் பலமாகச் சிரிப்பார். மாமி சிரிக்கமாட்டா. தரிப்பிடக் கட்டணம் மிச்சம் பிடிக்க வாகனத்தை மலையடிவாரத்தில், தெரியாத ஒரு தெருவில் விட்டுவிட்டு, முழங்கால் வலியோடு அவவை ஏற்றிக்கொண்டு வந்தது யார் என்பது அந்தப் பார்வையில் இருக்கும்.

பயணத்தின் அச்சாணி சாப்பாட்டுத் தரிப்பு. நினைவுச்சின்னத்தில் இருபது நிமிடம், தரிப்பிடத்துக் கல் மேசையில் ஒன்றரை மணித்தியாலம். டிக்கியைத் திறந்ததும் சம்பல் வாசம் எழும்பும். பக்கத்து மேசையில் பாணும் சீஸும் வைத்துக்கொண்டிருந்த ஜேர்மன் கிழவர் தம்பதி நிமிர்ந்து பார்ப்பார்கள். மாமி ஒரு தட்டில் இரண்டு கட்லட்டை வைத்து மகளிடம் கொடுத்தனுப்புவா. கிழவர் சாப்பிட்டுவிட்டுக் கண் கலங்க நன்றி சொல்வார். கண் கலங்கியது உறைப்பினால் என்று மாமா ஒத்துக்கொள்வதில்லை.

இன்னொரு வகை அனுபவம் திங்கட்கிழமை. ஜேர்மனியில் பெரும்பாலான மியூசியங்களுக்குத் திங்கள் விடுமுறை. இங்கே இத்தனை காலம் இருந்தும் இது மாமாவுக்கு ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி. பூட்டிய கதவுக்கு முன்னால் குடும்பம் நிற்கும். 'உள்ளுக்க என்ன கிடக்கப்போகுது, கல்லுகள்தானே. வெளியாலதான் வடிவு' என்பார். எல்லோரும் கதவோடு படம் எடுப்பார்கள். மாமாவின் அல்பத்தில் ஐரோப்பாவின் அருமையான பூட்டுகள் பலவற்றைக் காணலாம்.

இப்படி ஓடுகிற ஆள் பேர்லினில் மட்டும் நின்றார். பிரீட்ரிக் ஸ்திராஸ ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு கண்ணாடிக் கட்டடம். பிரிவினைக் காலத்தில் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகிறவர்களைச் சோதித்து அனுப்பிய இடம். உறவுகளை வழியனுப்பி அழுததால் சனங்கள் அதற்குக் 'கண்ணீர் மாளிகை' என்று பெயர் வைத்தார்கள். 2011 முதல் அது காட்சியகம், உள்ளே போகக் காசில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், மதிலைத் தாண்டுவது எவ்வளவு ஆபத்து, எத்தனை பேர் செத்தார்கள் என்று பாடத்தில் படித்ததைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

'நான் ரெயினிலதான் வந்தனான்' என்றார் மாமா.

1984இல் அவர் இறங்கியது கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில். இடைவழி விசாவோடு இந்த ரயில் நிலையத்துக்கு வந்து, நகர ரயிலில் ஏறி, அடுத்த தரிப்பில் மேற்கு பேர்லினில் இறங்கினார். அந்த நாட்களில் எங்கள் ஆட்களில் ஏராளமானோர் வந்த வழி அது. 1985இல் அடைத்துவிட்டார்கள். மகள் அவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மாமா அதைக் கவனிக்கவில்லை, குறுகலான கடவுச்சீட்டுச் சோதனைக் கூண்டு ஒன்றுக்குள் புகுந்து, தன் வயிறு இப்போது அதற்குள் கொள்ளுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சத்தை மாமி சொல்லித்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். அகதி விண்ணப்பம் போட்டவர்கள், ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியேறக்கூடாது என்று 1982இல் சட்டம் வந்தது. மாமா ஹெஸன் மாநிலத்தில் ஒரு சின்னப் பட்டணத்தில் வருடக்கணக்காக இருந்தார். அடுத்த மாவட்டத்தில் சொந்த மச்சானின் கலியாணம். போவதற்கு அலுவலகத்தில் கடதாசி கேட்டு நின்று, கடதாசி கிடைத்தபோது கலியாணம் முடிந்து நாலாம் சடங்கும் முடிந்துவிட்டது. இப்போதும் மாநில எல்லைப் பலகை ஏதும் வந்தால் மாமாவின் வலது கால் தானாக அமரும், சஃபீரா ஒரு துள்ளுத் துள்ளும். 'ஏனப்பா இப்பிடி ஓடுறியள்?' என்று மகள் கேட்பாள். 'பின்னால லொறி வருது' என்பார். லொறி ஒன்றும் வராது.

போன வசந்தத்தில் ஹால நகரத்துக்குப் போனார்கள். யோசனை மகளுடையது. அங்கே பிராங்கே நிறுவனம் என்று முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட அநாதை இல்லமும் பள்ளியும் சேர்ந்த பெரிய வளாகம். தரங்கம்பாடிக்கு 1706இல் போய்ச் சேர்ந்த ஜேர்மன் பாதிரியார் சீகன்பால்க்குக்கு ஆதரவு கொடுத்த இடம். தரங்கம்பாடி அச்சகத்தின் முதல் தமிழ் அச்செழுத்துகளை இங்கே வார்த்துத்தான் அனுப்பினார்கள். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் இங்கே அச்சானது. இதையெல்லாம் மகள் வழி நெடுக வாசித்துக்கொண்டு வந்தாள். 'அப்ப தமிழ் அச்சு எங்கட ஜேர்மன்காரர் செய்ததோ?' என்று மாமா பெருமைப்பட்டார். 'எங்கட' என்பது அவர் வாயில் இரு பக்கமும் ஓடும்.

அபூர்வப் பொருட் கூடம் பழைய அநாதை இல்லத்தின் கூரைக்குக் கீழே, உச்சி மாடியில். மியூசியம் என்றால் வாகனத்திலேயே இருந்து பையைக் காவல் காக்கிற மாமி, அன்றைக்குப் படியேறினா. கண்ணாடி அலுமாரிக்குள் தமிழ் ஓலை. மாமா முந்திக்கொண்டு கண்ணாடியில் மூக்கை வைத்து உரத்து வாசிக்கத் தொடங்கினார்: 'முருகா… சரணம்… பிறகு வடிவாத் தெரியேல்ல.' காவலுக்கு நின்ற பெண் வாயில் விரல் வைத்துக் காட்டினாள்.

'முருகாவுமில்லை ஒண்டுமில்லை' என்றா மாமி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பதினைந்து வருடம் படிப்பித்தவ. 'புள்ளி குத்தாமல் எழுதியிருக்கு, சொல்லுக்கு இடைவெளியும் விடேல்லை. ஒவ்வொரு எழுத்தாக் கூட்டித்தான் வாசிக்கவேணும். கொஞ்சம் விலகுங்கோ, வெளிச்சத்தை மறைக்கிறியள்.'

மாமா விலகினார். பதினைந்து நிமிடம் போயிற்று. வழக்கமாக இந்த நேரத்துக்கு அவர் அடுத்த ஊருக்கு நவியில் விலாசம் அடித்துக்கொண்டிருப்பார். மாமி முதல் வரியில் நின்றா, மகள் பக்கத்தில் நின்று கொப்பியில் எழுத்தெழுத்தாக எடுத்துக்கொண்டிருந்தாள். மாமா கீழே இறங்கிப்போய், தரிப்பிடத்து நீல நேர அட்டையை ஒரு மணித்தியாலம் முன்னே திருப்பிவிட்டு மேலே வந்தார். மாமி இரண்டாம் வரி. திரும்பவும் இறங்கி ஏறினார், இந்த முறை மூச்சு வாங்கியது, கையில் முட்டை டப்பா.

காவல் பெண் சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள்: உள்ளே உண்ணக்கூடாது.

'அவ காலமையிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை' என்றார் மாமா, சுத்தமான ஜேர்மன் மொழியில்.