மானஸ்தர் பெரியப்பா

எல்லாக் குடும்பத்திலும் ஒரு பெரியப்பா உண்டு. குடும்ப மானம் முழுவதையும் தன் ஒற்றைத் தோள் துண்டில் முடிந்து வைத்திருப்பவர். கல்யாண மண்டபத்தில் செருப்பைக் கழற்றும்போதே "கேவலம்" என்று தொடங்கிவிடுவார். வாசலில் பன்னீர் தெளிக்க ஆளில்லையாம், சந்தனம் காய்ந்து கிடக்கிறதாம்.

வசவிலும் அவர் தராதரம் பார்ப்பார். சாம்பாரில் உப்புக் குறைந்தால் 'அசிங்கம்'. இலைக்குக் கால் லிட்டர் தண்ணீர் பாட்டில் வைத்தால் 'கேவலம்'. பத்திரிகையில் தம்பி பெயருக்குக் கீழே தன் பெயர் அச்சாகியிருந்தால்தான் 'மானக்கேடு'. அதற்குப் பந்தியைப் புறக்கணிப்பார். முதல் பந்தியை மட்டும். இரண்டாவது பந்திக்குள் யாராவது வந்து கையைப் பிடித்து அழைத்தாக வேண்டும். அதற்குத் தோதாகச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலிலேயே நாற்காலியைப் போட்டுக்கொள்வார்.

அங்கே அவருக்குத் துணை சேரமான் கணைக்கால் இரும்பொறை. சிறையில் கேட்ட தண்ணீர் தாமதமாக வந்ததென்று குடிக்காமல் உயிரைவிட்ட மன்னன். புறநானூற்றில் 74ஆம் பாட்டு. "மானம்னா அது!" என்று சொல்லும்போது பெரியப்பாவுக்குக் குரல் கம்மும். கண் மட்டும் பாயச வாளி எந்த வரிசையில் போகிறது என்று கவனித்துக்கொண்டிருக்கும்.

தம்பி ஓடிவருவார். "அண்ணே, இலை போட்டாச்சு, வாங்க."

"நான் என்ன சோத்துக்காடா வந்தேன்? நாலு பேர் என்ன நினைப்பான்?"

"பிரஸ்காரன் பெயரை மாத்திப் போட்டுட்டான் அண்ணே. மனசுல வச்சுக்காதீங்க."

"ம்... இன்னிக்கு என்ன, பால் பாயசமா, அடைப்பிரதமனா?"

வள்ளுவர் விவரமானவர். மானத்துக்கு 97ஆம் அதிகாரத்தை ஒதுக்கியவர், நாணுடைமைக்குத் தனியாக 102ஐ வைத்தார். பிறர் முன் தாழாதிருப்பது வேறு, செய்யத் தகாததைச் செய்யத் தானே கூசுவது வேறு. பெரியப்பா 97ஐ முடித்தவர், 98லேயே நின்றுவிட்டார். அதன் தலைப்பு 'பெருமை'.

அதனால்தான் மொய் எழுதுகிறவரிடம், "ஆயிரத்தொண்ணுன்னு எழுதிக்கப்பா, இப்போ ஐந்நூத்தொண்ணு இருக்கு, மீதி அப்புறம்" என்று கூசாமல் சொல்ல முடிகிறது. எழுதியது ஆயிரத்தொன்று என்பதால், அவர் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரவேண்டியதும் ஆயிரத்தொன்றுதான். மகள் கல்யாணத்துக்குத் தம்பியிடம் வாங்கிய கடனைப் பற்றித் தம்பி மனைவி ஜாடையாக ஆரம்பித்தால், "சபையில காசு பேசுறதா? மானக்கேடு!" என்று எழுந்துவிடுவார். கடனை வாங்கிய அன்றும் சபை கூடித்தான் இருந்தது என்பதை அந்தம்மா மரியாதைக்காக விழுங்கிவிடுவார்.

புறப்படுகிற நேரத்தில் தாம்பூலப் பைகள் தானாகவே அவரிடம் பெருகியிருக்கும். பக்கத்து வீட்டுக்கு ஒன்று, வர முடியாத சம்பந்திக்கு ஒன்று, வீட்டுக்காரர் கேட்டாராம், அவருக்கு ஒன்று. தம்பியின் கடைக்குட்டி விவரம் தெரியாதவன். "பெரியப்பா, உங்க பையில நாலு தேங்காய் இருக்கு!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கூவுவான்.

"கத்தாதேடா, அசிங்கம்" என்பார் பெரியப்பா, பதறாமல். "இந்தா, ரெண்டை நீ தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வா."