90 நாள் நினைவு

ஒளிபரப்பிய காட்சிகளை 90 நாள்கள் பத்திரப்படுத்தி, கேட்கும்போது அரசிடம் காட்ட வேண்டும் என்பது இந்தியச் செய்தித் தொலைக்காட்சிகளுக்கான நிபந்தனை. 1995இல் ஈடிவியும் 2004இல் டிவி9உம் தொடங்கிய ஹைதராபாத்தில், போன தேர்தலில் வசைபாடிய தலைவரிடமே இந்தத் தேர்தலில் 'கண்டுவா' என்னும் கட்சித் துண்டைப் போட்டுக்கொள்ள 90 நாள்களைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும் என்பதால், அந்த விதி அரசியல்வாதிகளுக்குப் பெருங்கருணை. பழைய நாடாக்களை அழிக்காமல் வைத்திருந்து, யார், எங்கே, எதைச் சொன்னார் என ஒவ்வொரு காட்சிக்கும் தேடுகுறிப்பு எழுதும் காப்பக நூலகர்தான் அவர்களுக்கு மெய்யான எதிர்க்கட்சி. ஆனால் கட்சிப் பெயரை மட்டும் அவர் பென்சிலால் எழுதுவது நலம். தெலங்கானா ராஷ்டிர சமிதியே 2022இல் பாரத் ராஷ்டிர சமிதி ஆகிவிட்டதால், தாவாதவர்களின் குறிப்புகளையும் திருத்த வேண்டியிருக்கிறது.