சென்னை எங்கே முடிகிறது?

கேள்வி: சென்னையின் எல்லை உண்மையில் எங்கே முடிகிறது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மாநகராட்சியைக் கேட்டால், 2011 முதல் 426 சதுர கிலோமீட்டர், அதற்கு முன் 174. மனை விற்பவரைக் கேட்டால் திண்டிவனம் வரை சென்னைதான், 'ஏர்போர்ட்டிலிருந்து அரை மணி நேரம் சார்!' எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அவரையும் குறை சொல்ல முடியாது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கடலோர மணலில் இடம் பிடித்துத் தொடங்கிய ஊர் இது. பிறகு திருவல்லிக்கேணி, எழும்பூர், புரசைவாக்கம் என்று ஒவ்வொரு ஊராக உள்ளே போயிற்று. (மயிலாப்பூர்க்காரர்கள் கேட்டால், சென்னைதான் தங்களோடு வந்து ஒட்டிக்கொண்டது என்பார்கள். வயதில் மூத்தவர்கள், விட்டுவிடுவோம்.) அடுத்து ஏரிகளின் முறை. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. வியூவில் தெரிவது எதிர்வீட்டு பால்கனியில் காயும் வேட்டி. ஐப்பசியில் அடைமழை பிடித்தால் ஏரியும் தெரியலாம்.

என் கணக்கு வேறு. தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் பஸ்ஸின் டிரைவர் நிம்மதியாக டாப் கியர் போடும் இடத்தில் சென்னை முடிகிறது. போன வருஷம் அது செங்கல்பட்டுக்கும் அப்பால் இருந்தது.