இலையில் விழுவது எவ்வளவு?

கே: சேதராப்பட்டு தொழிற்பேட்டை ஊழியர்களுக்காக பஸ் நேரமும் ஷிப்ட் விவரமும் சொல்லும் ஆப் செய்திருக்கிறோம். ஃபைல் 62 எம்பி. இப்படியே வெளியிடலாமா?

ப: கொஞ்சம் பொறுங்கள். 2021 ஆகஸ்ட் முதல் புதிய ஆப்களை கூகுள் பிளே ‘ஆப் பண்டில்’ வடிவில்தான் வாங்குகிறது. உங்கள் 62 எம்பி, பந்திக்கு ஆக்கி வைத்த மொத்தச் சோறு. அதிலிருந்து அந்தந்த போனின் பிராசசர், திரை, மொழிக்கு வேண்டியதை மட்டும் பிளே பரிமாறும். இலையில் விழும் அளவைப் பார்த்தீர்களா?

கே: அதை எங்கே பார்ப்பது?

ப: பிளே கன்சோலில் இன்டர்னல் டெஸ்டிங்கில் ஏற்றினால், ‘ஆப் பண்டில் எக்ஸ்ப்ளோரர்’ போன் வாரியாகக் காட்டிவிடும். ஏற்றும் முன்பே தெரிய வேண்டுமா? கூகுளின் இலவச ‘பண்டில்டூல்’ இருக்கிறது. அதில் ஏபிகே தொகுப்பை உருவாக்கி, ‘கெட்-சைஸ் டோட்டல்’ கட்டளை கொடுங்கள். குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரண்டு எண்கள் பைட்டில் வரும். அதிகபட்சத்தை வைத்தே முடிவெடுங்கள்.

கே: ஐபோனுக்கு?

ப: எக்ஸ்கோடின் ‘ஆப் தின்னிங் சைஸ் ரிப்போர்ட்’.

கே: போன் ஆங்கிலத்தில் இருந்தால், ஆப்புக்குள் தமிழைத் தேர்ந்தெடுத்தாலும் ஆங்கிலமே வருகிறதே!

ப: மிக முக்கியமான கேள்வி. போனின் மொழி ஆங்கிலம் என்றால், பிளே தமிழ் வரிகளை அனுப்பாமலே விட்டுவிடும். நம்மூரில் பாதிப் பேர் போனை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழில் படிப்பவர்கள்தானே? கிரேடில் ஃபைலின் பண்டில் பகுதியில், மொழிக்கான ‘எனேபிள்ஸ்பிளிட்’டை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். வெறும் எழுத்து வரிகள். அளவு பெரிதாக ஏறாது. இடத்தை மிச்சம் பிடிக்கத் தமிழில் கை வைக்காதீர்கள். பிஎன்ஜி படங்களை வெப்பிக்கு மாற்றுங்கள், பயன்படுத்தாத லைப்ரரிகளைத் தூக்குங்கள். எது கனம் என்பதை ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் ‘ஏபிகே அனலைசர்’ ஃபோல்டர் ஃபோல்டராகக் காட்டும்.

கே: நாலைந்து எம்பிக்கா இத்தனை பாடு?

ப: ஆமாம். ஆப் 6 எம்பி கூடினால் இன்ஸ்டால் விகிதம் 1 சதவீதம் குறைகிறது என்று 2017-இல் கூகுள் பிளே குழுவே கணக்குச் சொன்னது. இந்தியா போன்ற சந்தைகளில் அடி இன்னும் பலம். மெமரி நிரம்பிய போனும் தீரப்போகும் டேட்டாவுமாக இருப்பவர், பஸ் நேரம் பார்க்க குழந்தையின் போட்டோவை அழிக்க மாட்டார்.

கே: கடைசியாக ஒரு யோசனை?

ப: வெளியிடும் முன், உங்கள் ஷிப்டிலேயே மிகப் பழைய போன் வைத்திருப்பவரை டெஸ்டராகச் சேருங்கள். அவர் போனில், அவர் டேட்டாவில் இறங்கட்டும். ரீசார்ஜ் உங்கள் செலவு.