பத்து முறை, நிற்காமல்

அட்டைப் பெட்டிக்குள்ளிருந்த அந்த மெல்லிய காகிதத்தை எழுதியவர் எவராயினும், அவர் தம் ஆயுளில் ஒரு முறையேனும் லஸ் முனையைக் கடந்தவராக இருக்க முடியாது என்பது என் திடமான அபிப்பிராயம். காரில் புதிய பிரேக் டிஸ்க்குகளையும் பேட்களையும் பூட்டி முடித்து, கையில் அப்பியிருந்த கிரீஸை விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரு நல்ல துண்டில் துடைத்து, அது சம்பந்தமான விசாரணை மாடியிலிருந்து ஆரம்பமாவதற்குள் வண்டியைக் கிளப்பிவிட வேண்டுமென்ற அவசரத்தில் அக்காகிதத்தைப் பிரித்தால், அதில் கண்டிருந்த விதி இது: வண்டியை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டு போகவும், பிறகு சீராக பிரேக்கை அழுத்தி 10 கிலோமீட்டருக்கு இறக்கவும், எக்காரணத்தை முன்னிட்டும் நிறுத்தலாகாது, உடனே மறுபடியும் 100, இவ்வாறு பத்து முறை, அதன் பின் சூடு தணியும் வரையில் பிரேக்கைத் தொடாமலே ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டவும்.

பிரேக்கைத் தொடாமலே! மயிலாப்பூரில்!

பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று இப்படிப் பழகினால்தான், பேட்டின் உராய்வுப் பொருள் டிஸ்க்கின் மீது மெல்லிய படலமாகப் படிந்து, பிரேக் அதன் முழு வீரியத்தையும் காட்டுமாம். நடுவில் நிறுத்திக் காலை அழுத்தியபடி நின்றாலோ, அந்த இடத்தில் மட்டும் படலம் திட்டாகப் படிந்து, பிற்பாடு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்குமாம். எனக்கு இதைப் படித்ததுமே நடுங்கிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம் குடியிருப்பின் தரைத்தளத்தில் தூணுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் இடையே காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, அதனடியில் கோரைப்பாயை விரித்துப் படுத்த பாக்கியம் பெற்ற வாசகர்களுக்கு, நல்ல நிலையில் இருந்த பிரேக்கை நான் ஏன் மாற்றினேன் என்பதை விளக்கத் தேவையில்லை. என் கார் ஜெர்மனியில் பிறந்தது, கூரை மடங்கும், இரண்டே பேர் உட்காரலாம். குடும்பத்திலோ நான்கு பேர். ஆகவே அது கிளம்பும் ஒவ்வொரு வேளையிலும் வீட்டில் இருவருக்கு மனஸ்தாபம் நிச்சயம். அப்பேர்ப்பட்ட வண்டிக்கு உடன் வந்த டிஸ்க்கே போதுமென்று எந்த ரசிகன் திருப்தியடைவான்? துளையிட்ட டிஸ்க் வேண்டும். அதன் மேல் வரி வரியாகக் கீறல் வேண்டும். காலிப்பருக்குச் சிவப்பு வர்ணம் வேண்டும். முற்காலத்துப் பேட்கள் சூடேறினால் கக்கிய வாயு வெளியேறுவதற்கும், மழைநீர் வடிவதற்கும் ஏற்பட்டவை அந்தத் துளைகள். இக்காலத்துப் பேட்களில் அந்த வாயு மிக அற்பம் என்பதும், கடும் உபயோகத்தில் துளையின் ஓரத்திலிருந்துதான் வெடிப்பு கிளம்பும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்துதான் வாங்கினேன். சிவப்பு வர்ணத்தைப் பார்த்த என் அத்தை, "சக்கரத்துக்கு யாருடா குங்குமம் வெச்சது?" என்று கேட்டதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. 1962 முதல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா இருக்கிறது; சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் அங்கேதான்; ரானேயின் பிரேக் லைனிங் தொழிற்சாலை அம்பத்தூரில். நாடெங்கும் ஓடும் வண்டிகளை நிறுத்துவதற்கான சாதனங்களைச் செய்தனுப்பும் ஊரில் குடியிருந்துகொண்டு, டிஸ்க்கைக் கடல் கடந்து வரவழைத்து, அதற்குச் சுங்கவரியும் செலுத்தினேன். பாடிக்குப் பஸ்ஸிலேயே போய் வந்திருக்கலாம்.

பிரேக் மாற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விடாமல் நாமே செய்வதில் ஒரு விசேஷமான ஆத்ம லாபம் இருக்கிறது; இக்கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்; சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். அதற்கு முன் அந்தத் திருகாணி.

டிஸ்க்கை அச்சோடு பிணைத்து நிற்பது ஒரே ஒரு சிறு ஸ்குரூ. அதன் தலை சுண்டுவிரல் நகத்தளவு. உண்மையில் அதற்கு வேலையே கிடையாது. சக்கரத்தைப் பூட்டி போல்ட்டுகளை முறுக்கிவிட்டால் டிஸ்க்கை அவையே இறுகப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் கழற்றியிருக்கும் நேரத்தில் டிஸ்க் நழுவாமலிருப்பதற்காக ஒரு காவல், அவ்வளவுதான். ஆயினும் தன் ஸ்தானத்தைவிட்டு அசைவதில்லை என்று அதற்கு அசாத்திய வைராக்கியம். எங்கள் தெருவுக்குக் கடல் கூப்பிடு தூரம். இரவெல்லாம் வீசும் உப்புக்காற்று அந்த ஸ்குரூவையும் அது அமர்ந்திருந்த குழியையும் துருவால் ஒன்றாக்கியிருந்தது. எண்ணெய் பீய்ச்சினேன், காத்திருந்தேன், ஆலன் கீயைச் செருகிச் சுத்தியால் தட்டினேன், மறுபடி எண்ணெய். சிவந்த துருப்பொடி பாயின் மேல் கொட்டிக்கொண்டேயிருந்ததே தவிர, ஸ்குரூ இம்மியும் நகரவில்லை. கடைசியில் 'டக்' என்று ஒரு சப்தம். உடைந்தது ஸ்குரூவா, கீயா, என் மணிக்கட்டா என்று ஒரு க்ஷணம் விளங்கவில்லை. ஸ்குரூ விட்டுக்கொடுத்திருந்தது.

இதற்குள் சபை கூடிவிட்டது. மூன்றாம் மாடி மாமா, கையில் பால் பாக்கெட்டோடு குனிந்து, "ஏன் சார், பிரேக் பிடிக்கலையா?" என்றார்.

"நன்றாகப் பிடிக்கிறது."

"நன்னாப் பிடிக்கறதை எதுக்குக் கழட்டறேள்?"

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அவரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெரியவர், "புதுப்பேட்டைல குட்த்திருந்தா அரை அவர்ல முட்ச்சிருப்பான் சார்" என்று தம் தீர்ப்பை வழங்கிவிட்டுப் பெட்டிக்குக் கரி போடப் போனார். அரை மணியில் முடித்திருப்பான் என்பது எனக்கும் தெரியும். ஆத்ம லாபம் புதுப்பேட்டையில் கிடைக்காது. அது இருக்கட்டும்.

காகிதத்துக்கு வருகிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்திலிருந்து நூறுக்கு ஏறி மறுபடி பத்துக்கு இறங்க ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 250 மீட்டர். பத்துச் சுற்றுக்கு இரண்டரை கிலோமீட்டர். அதற்கப்பால் பிரேக்கைத் தீண்டாத யாத்திரை ஐந்தாறு கிலோமீட்டர். தடையில்லாத எட்டு கிலோமீட்டர் வேண்டும். மனத்துக்குள் தென்சென்னை முழுவதையும் விரித்து வைத்துக்கொண்டு தேடலானேன்.

வாசலிலிருந்தே ஆரம்பித்தேன். கச்சேரி சாலையில் இரண்டாவது கியர் போட்டவரை நான் கண்டதில்லை. ராமகிருஷ்ண மடம் சாலையை மெட்ரோக்காரர்கள் தகடு வைத்து அடைத்து, மீதி விட்டிருக்கும் சந்தில் பஸ்ஸும் நாமும் சமரசமாகப் போய்க்கொள்ள வேண்டியது என்று ஏற்பாடு. மாட வீதிகளில் சாதாரண நாளில் காய்கறி, நவராத்திரியில் கொலு பொம்மை, பங்குனியில் கபாலீசுவரர் தேர். அந்தத் தேரைச் சக்கரத்தடியில் மர முட்டுக்கட்டை கொடுத்துத்தான் நிறுத்துகிறார்கள் என்பதையும், அந்தக் கட்டையைப் பத்து முறை பழக்க வேண்டுமென்று எந்தக் காகிதமும் கட்டளையிடவில்லை என்பதையும் பொறாமையோடு இங்கே குறிப்பிடுகிறேன். லூப் சாலை நேர்சாலைதான்; ஆனால் வஞ்சிரத்தின் விலை கேட்பவர் பாதி உடம்பைச் சாலையில் வைத்துக்கொண்டே கேட்பார். பசுமைவழிச் சாலையில் மந்திரிகள் வசிக்கிறார்கள். அங்கே ஒருவன் நூறுக்கு ஏறிப் பத்துக்கு இறங்கி மறுபடி நூறுக்கு ஏறினால், இரண்டாவது சுற்றிலேயே அவனுடைய பூர்வோத்தரங்களை விசாரிக்க ஆள் வந்துவிடும். திரு.வி.க. பாலத்தைத் தாண்டினால் அடையாறு, எல்.பி. சாலையில் மறுபடியும் மெட்ரோ தகடு. பெசன்ட் நகரில் நடைப்பயிற்சிக்காரர்கள் நடைபாதையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நடக்கிறார்கள். சர்தார் படேல் சாலையில், எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டர்காரர், தாம் தப்பான பக்கத்தில் வருவது போதாதென்று நம்மைப் பார்த்து முறைத்துவிட்டும் போகிறார். டி.டி.கே. சாலையில் மார்கழியில் கச்சேரிக்காரர்களின் கார்கள் இரண்டு வரிசையாக நிற்கும். மற்ற மாதங்களில் யாருடைய கார்கள் நிற்கின்றன என்பது இன்றளவும் விளங்காத ரகசியம். தியாகராய நகரைப் பற்றிப் பேச்சே வேண்டாம். பனகல் பார்க்கிலிருந்து உஸ்மான் சாலைக்குள் நுழைந்தவனுக்கு வேகமானி என்பது கடியாரத்துக்கும் பெட்ரோல் முள்ளுக்கும் நடுவே இருக்கும் ஓர் அலங்காரம்.

பாலங்களாவது உண்டே என்றால், ஆழ்வார்பேட்டைப் பாலத்தில் ஏறி உச்சியை அடைவதற்குள் எதிரே நிற்கும் வண்டியின் சிவப்பு விளக்கு தரிசனம் தந்துவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போயேன் என்றார் ஒரு நண்பர். ஞாயிறு விடியற்காலையில் அங்கே சைக்கிள்காரர்கள், அதற்குப் பிறகு பிரியாணிக்காரர்கள். தவிரவும், பாலவாக்கம் போய்ச் சேருவதற்குள் நான் போட்டிருக்கும் பிரேக்குகளே அந்தக் காகிதத்தை நிரந்தரமாக மீறியிருக்கும்.

நள்ளிரவுக்கு மேல் மூன்று மணிக்கு? யோசித்தேன். காமராஜர் சாலையின் காலியான காட்சி ஒரு நிமிஷம் கண்முன் வந்து போயிற்று. தண்ணீர் லாரியும், பால் வண்டியும், சாலை நடுவில் துயிலும் நாய்களும் வழிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். போலீஸார் வைத்திருக்கும் தடுப்பருகே ஒரு கனவான் டார்ச் அடித்துக் கேட்பார்.

"எதுக்கு சார் இவ்வளவு வேகம்?"

"நிறுத்துவதற்காக, ஐயா."

"நிறுத்திட்டு?"

"மறுபடியும் வேகமாகப் போவதற்காக."

இந்த சம்பாஷணை எங்கே போய் முடியும் என்பதை நான் சொல்ல வேண்டுமா? 2023 நவம்பர் முதல் நகருக்குள் காரின் உச்ச வேகம் 60 கிலோமீட்டர் என்று போக்குவரத்துக் காவல்துறை விதித்திருக்கிறது. குடியிருப்புத் தெருக்களில் 30. அதை நான் ஆட்சேபிக்கவில்லை. அறுபதில் போக இடம் காட்டினால் போலீஸாருக்கு நமஸ்காரம் செய்வேன்.

இதிலே பௌதிக சாஸ்திரத்தின் பரிகாசம் வேறு. வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. ஒன்றரை டன் எடையுள்ள என் வண்டி நூறிலிருந்து நிற்கும்போது பிறக்கும் உஷ்ணம் ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். உஸ்மான் சாலையின் வேகமாகிய 12 கிலோமீட்டரிலிருந்து நிற்கும்போது அதில் எழுபதில் ஒரு பங்குதான். அரை டம்ளர் தண்ணீர் வெதுவெதுப்பாகும், காபி கலக்கக்கூடக் காணாது. அந்த உஷ்ணத்துக்காகத்தான் இத்தனை துளையும், கீறலும், சுங்கவரியும்.

பிரேக்கின் சரித்திரம் கம்பீரமானது என்பதில் சந்தேகமில்லை. இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1902இலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1953இல் ஜாகுவார் கார் அத்தகைய பிரேக்கை வைத்துக்கொண்டு பிரான்ஸில் லெ மான்ஸ் பந்தயத்தை ஜயித்தது. அதே 1953இல்தான் நம் ஊரில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றிற்று. யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் கிடந்தது. அங்கே பந்தயம் நடந்தது. பிற்பாடு இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடமே அமைந்தது. அந்நாளைய ரசிகனுக்கு ஓடுதளம் இருந்தது, துளையிட்ட டிஸ்க் இல்லை. என் நிலை அதற்கு நேர் எதிர்.

வயிற்றெரிச்சலை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்ட் 31ஆம் தேதியும் மறுநாளும் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையை அடைத்து, இரவைப் பகலாக்கும் விளக்குகளைக் கட்டி, ஃபார்முலா 4 பந்தயம் நடத்தினார்கள். முந்தின டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போயிற்று. சிவானந்தா சாலையில் அத்தனை நேர்த்தியான தார் அதற்கு முன் யார் கண்டார்கள்? எனக்கு அதே தடத்தில் எட்டு கிலோமீட்டர் போதும். விளக்குகூட வேண்டாம். பந்தயத்துக்கு மறுநாள் விடியலில், தடுப்புகளைப் பிரிப்பதற்கு முன்னால், சாலை வரியை முழு ஆயுளுக்கும் முன்கூட்டியே செலுத்திய பிரஜைகளுக்கு வரிசைப்படி பத்து நிமிஷம் ஒதுக்கினால் சர்க்காருக்கு என்ன நஷ்டம்? அடுத்த முறையாவது சம்பந்தப்பட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆக, என் புதிய பேட்கள் இன்னும் பழகவில்லை. மந்தைவெளிக்கும் லஸ்ஸுக்கும் இடையே, ஒன்பதிலிருந்து பூஜ்யத்துக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்பதுக்குமாக, காகிதம் எதையெல்லாம் செய்யாதே என்றதோ அதையெல்லாம் அவை செய்துகொண்டிருக்கின்றன. ஆயினும் வண்டி நிற்கிறது. பழைய பிரேக்கிலும் நின்றது.

பழைய முன்சக்கர டிஸ்க்குகள் இரண்டும் மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன, அதிகம் தேயாதவை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 கிலோ. பேரீச்சம்பழத்துக்குப் போடுவதற்குள் வேண்டியவர்கள் வந்து எடுத்துச் செல்லலாம். செவ்வாயும் வெள்ளியும் வீட்டைவிட்டு இரும்பு கொடுக்க அத்தை சம்மதிக்கமாட்டாள். மற்ற நாள்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்தால் காபியும் உண்டு. காரில் மட்டும் வர வேண்டாம், நிறுத்த இடமில்லை.